செரோக்கி மக்களின் நாட்டு நிலை உரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு செப்டம்பர் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டாலக்வா என்ற சிறு நகரம் நிரம்பி வழியும். செரோக்கி மக்களின் தேசிய விழா அங்கே நடக்கும். அதன் நடுவில் அவர்களுடைய முதன்மைத் தலைவர் மேடையேறி, போன வருடம் அரசு என்ன செய்தது, இனி என்ன செய்யப்போகிறது என்று மக்கள் முன் சொல்வார். இதைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது எப்போது, எங்கே நடக்கிறது?

அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கள்கிழமை தொழிலாளர் தினம். அதையொட்டி வரும் வார இறுதியில்தான் விழா. சனிக்கிழமை காலையில் டாலக்வாவின் முக்கிய வீதியில் ஊர்வலம் போகும். அது முடிந்ததும் நகரின் நடுவில் இருக்கும் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தின் முன் கூட்டம் கூடும். செங்கல்லால் கட்டிய அந்தக் கட்டடம் 1869-ல் எழுந்தது, இப்போது அது செரோக்கி வரலாற்று அருங்காட்சியகம். அந்தச் சதுக்கத்தில்தான் தலைவர் பேசுவார். அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் பெரும்பாலும் "ஒசியோ". செரோக்கி மொழியில் வணக்கம்.

செரோக்கி நேஷன் என்பது ஒரு நாடா, ஒரு சமூகமா, ஒரு சங்கமா?

அது ஓர் அரசு. முதலில் இதைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். செரோக்கி நேஷனுக்கு சொந்த அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. முதன்மைத் தலைவர், துணைத் தலைவர், 17 பேர் கொண்ட பேரவை, சொந்த உச்ச நீதிமன்றம், சொந்தக் காவல்படை எல்லாம் உண்டு. தலைவரையும் பேரவை உறுப்பினர்களையும் குடிமக்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடிமக்கள் 4,50,000 பேருக்கும் மேல். அமெரிக்க அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசுகளில் ஆள்கணக்கில் இதுவே பெரியது. ஓக்லஹோமாவின் வடகிழக்கில் 14 மாவட்டங்களைத் தொட்டு, ஏறத்தாழ 7,000 சதுர மைல் பரப்பு அதன் ஒதுக்கீட்டு நிலம்.

இந்த மக்களுக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பு 1827-லேயே இருந்தது. ஓக்லஹோமா மாநிலமாக உருவானதோ 1907-ல்தான். எது முதலில் வந்தது என்பதை அங்கே யாரும் மறக்கவில்லை.

ஏன் செப்டம்பர் மாதம்?

1839 செப்டம்பர் 6 அன்று டாலக்வாவில் செரோக்கி மக்கள் தங்கள் புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்கள். அந்த நாளின் நினைவாகத்தான் விழா.

அந்தக் கையெழுத்து எந்தச் சூழலில் விழுந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1830-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பூர்வகுடிகளை மேற்கே அகற்றும் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது ஜார்ஜியாவிலும் அதைச் சுற்றிலும் வாழ்ந்த செரோக்கி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1832-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜார்ஜியா மாநிலச் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது, நிலத்தைக் காப்பாற்றவில்லை. 1838-39-ல் ஏறத்தாழ 16,000 பேரை ராணுவம் சொந்த ஊர்களிலிருந்து கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் மேற்கே அனுப்பியது. வழியிலும் முகாம்களிலும் குளிராலும் நோயாலும் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று உலகம் அறிந்தது இதைத்தான்.

வந்து சேர்ந்த பிறகும் அமைதி இல்லை. முன்பே மேற்கே குடியேறியிருந்தவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் யார் ஆள்வது என்று தகராறு. நிலத்தை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்ட தலைவர்கள் மூவர் 1839 ஜூன் 22 அன்று கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளையும் பெற்றோரையும் வழியில் புதைத்துவிட்டு வந்தவர்கள், உள்ளுக்குள் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தவர்கள், உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பெரிதாகப் படுவது இந்த இடம்தான்.

தலைவர் மக்களுக்குக் கணக்குச் சொல்வது பழைய வழக்கமா, சமீபத்தில் வந்ததா?

பழையது, ஆனால் நடுவில் அறுந்துபோய்த் திரும்பி வந்தது.

1839 அரசியலமைப்பிலேயே, முதன்மைத் தலைவர் அவ்வப்போது அரசின் நிலையைப் பேரவைக்குத் தெரிவிக்க வேண்டும், தேவையான நடவடிக்கைகளைப் பரிந்துரைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1828 முதல் 1866-ல் இறக்கும் வரை தலைவராக இருந்த ஜான் ராஸ் பேரவைக்கு ஆண்டுச் செய்திகள் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம்தான் சரளம் என்பதால் அவர் சொன்னது செரோக்கியில் மொழிபெயர்க்கப்பட்டு மக்களைச் சென்றடைந்தது.

அப்புறம் அடி விழுந்தது. 1898-ல் வந்த கர்ட்டிஸ் சட்டம் பூர்வகுடி நீதிமன்றங்களை ஒழித்தது. பொதுவில் இருந்த நிலம் துண்டு துண்டாகத் தனிநபர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1907-ல் ஓக்லஹோமா மாநிலமானபோது செரோக்கி அரசு கிட்டத்தட்ட வெறும் கூடாகிவிட்டது. 1903-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட டபிள்யூ. சி. ராஜர்ஸ் 1917-ல் இறந்த பிறகு, தலைவரை அமெரிக்க அதிபரே நியமித்தார். அதுவும் எப்படி? ஏதாவது பத்திரத்தில் செரோக்கி சார்பாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றால் ஒருவரை நியமிப்பார்கள், கையெழுத்து ஆனதும் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். "ஒரு நாள் தலைவர்கள்" என்று அவர்களைச் சொல்வது உண்டு. அப்படி ஒருவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்? தன்னை நியமித்தவருக்குத்தான்.

1949-ல் அதிபர் ட்ரூமன் நியமித்த டபிள்யூ. டபிள்யூ. கீலர் கொஞ்சம் வேறு மாதிரி. பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றின் உயர் பதவியில் இருந்தவர், ஆனாலும் செரோக்கி அரசுக்கு உயிர் கொடுக்க உழைத்தார். 1953-ல் இந்த விழா தொடங்கியது அவர் காலத்தில்தான். 1970-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. 1971 தேர்தலில் கீலரே நின்று ஜெயித்தார். 1903-க்குப் பிறகு செரோக்கி மக்கள் தங்கள் தலைவருக்குப் போட்ட முதல் ஓட்டு அது. இடையில் 68 வருடம்.

அதனால்தான் ஆண்டுக்கொரு முறை புல்வெளியில் நின்று தலைவர் பேசுவதை நான் சாதாரண அரசியல் பேச்சாகப் பார்ப்பதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவரை வைத்தவர்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடவும் அவர்களால் முடியும். அந்த உறவு இரண்டு தலைமுறைக்கு மேல் பறிபோயிருந்தது.

உரையில் என்னதான் சொல்வார்கள்?

பெரும்பகுதி அன்றாட விஷயம். மருத்துவமனை, வீடு, வேலை, ரோடு, பள்ளிக்கூடம்.

மருத்துவத்துக்கு எப்போதும் முதலிடம். அமெரிக்காவில் பூர்வகுடி அரசுகள் நடத்தும் மருத்துவ அமைப்புகளில் செரோக்கி நேஷனுடையதே பெரியது. 2019-ல் டாலக்வாவில் 4,69,000 சதுர அடியில் ஒரு வெளிநோயாளர் மையம் திறந்தார்கள். பக்கத்திலேயே ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2020-ல் மருத்துவக் கல்லூரி ஒன்றும் தொடங்கியது. பூர்வகுடி மண்ணில் அமைந்த முதல் மருத்துவக் கல்லூரி அது. 2024-ல் முதல் அணி டாக்டர்களாக வெளியே வந்தது. கிராமப்புறத்தில் டாக்டர் கிடைக்காத பிரச்சினையை, டாக்டரை அங்கேயே உருவாக்கித் தீர்க்கலாம் என்ற எண்ணம்.

வலி மாத்திரைப் பழக்கம் குடும்பங்களைச் சிதைத்தது இன்னொரு பெரிய விஷயம். மாத்திரைகளை அள்ளி இறக்கிய நிறுவனங்கள் மேல் செரோக்கி நேஷன் 2017-ல் வழக்குப் போட்டது. 2021-ல் மூன்று பெரிய விநியோக நிறுவனங்கள் 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணம் எங்கே போகிறது, சிகிச்சை மையம் எந்த நிலையில் இருக்கிறது என்று மக்கள் கேட்பது நியாயம்தானே.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மத்திய அரசின் நிதி, அப்புறம் சூதாட்ட விடுதிகளும் பிற தொழில்களும் நடத்தும் சொந்த நிறுவனத்தின் லாபம், வரி. செரோக்கி நேஷன் தானே வண்டி நம்பர் பிளேட் வழங்குகிறது, அந்த வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் செரோக்கி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

2020 ஜூலைக்குப் பிறகு சட்டமும் ஒழுங்கும் உரையில் பெரிய இடம் பிடித்தன. ஓக்லஹோமாவின் இன்னொரு பூர்வகுடியான மஸ்கோகி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. 2021 மார்ச்சில் அதே நியாயம் செரோக்கி நிலத்துக்கும் பொருந்தும் என்று ஓக்லஹோமா நீதிமன்றம் ஏற்றது. பூர்வகுடியினர் சம்பந்தப்பட்ட குற்ற வழக்குகள் ஒரேயடியாகச் செரோக்கி நீதிமன்றங்கள் பக்கம் வந்தன. வழக்கறிஞர், நீதிபதி, காவலர் எல்லாரையும் அவசரமாகக் கூட்ட வேண்டியிருந்தது.

"கடூகி" என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஊர் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுத்து வேலை செய்வது. பேச்சுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோகக்கூடிய சொல்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது.

பெல் என்பது அடேர் மாவட்டத்தில் ஒரு சிறு கிராமம். செரோக்கி பேசும் குடும்பங்கள், பலர் வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் செரோக்கி நேஷனில் வேலை பார்த்த வில்மா மேன்கில்லர் அங்கே போனார். பொருளும் தொழில்நுட்ப உதவியும் வரும், குழாய் பதிப்பது நீங்கள்தான் என்று பேசி முடிவானது. சுமார் 16 மைல் நீளம். குடும்பங்களுக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கல்லும் மேடுமான நிலத்தில் ஆணும் பெண்ணும் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் இதெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தண்ணீர் வந்தது.

மேன்கில்லர் 1983-ல் துணைத் தலைவரானார், 1985-ல் தலைவர் பொறுப்புக்கு வந்தார், 1987-ல் மக்கள் ஓட்டில் ஜெயித்தார். செரோக்கி நேஷனின் முதல் பெண் முதன்மைத் தலைவர் அவர். 2022-ல் அமெரிக்காவின் கால் டாலர் நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு அடியில் பெல் கிராமத்துக் குழாய் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உரை செரோக்கி மொழியிலா, ஆங்கிலத்திலா?

ஆங்கிலத்தில். இதைச் சொல்லும்போது மனது கனக்கிறது. செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசுவோர் ஏறக்குறைய 2,000 பேர்தான் என்று 2019-ல் கணக்கிட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். அந்த வருடம் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவித்தன.

இத்தனைக்கும் இது எழுத்தறிவில் முன்னோடியான சமூகம். எழுதப் படிக்கத் தெரியாத செக்வோயா என்ற மனிதர் 1821-ல் தன் மொழிக்குத் தானே எழுத்து உருவாக்கினார். முதலில் கற்றுக்கொண்டவள் அவருடைய சிறு பெண். இப்போது புழக்கத்தில் 85 எழுத்துகள். நம் உயிர்மெய் போல ஓர் எழுத்துக்கு ஓர் அசை. ஆனால் நமக்குக் "கா", "கி" இரண்டிலும் "க" தெரியும். அங்கே ஒவ்வொன்றும் தனி வடிவம், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. ஆனாலும் மக்கள் சில வாரங்களிலேயே கற்றுக்கொண்டார்கள். 1828-ல் செரோக்கியும் ஆங்கிலமும் கலந்து "செரோக்கி பீனிக்ஸ்" பத்திரிகை வந்துவிட்டது.

இப்போது மொழியை மீட்கும் வேலைதான் ஆண்டு உரையில் நான் மிகவும் காது கொடுத்துக் கேட்கும் பகுதி. 2019-ல் 1.6 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். செரோக்கி அகராதி தந்த மொழியறிஞர் டர்பின் ஃபீலிங் பெயர் அதற்கு. அவர் பெயரிலேயே 2022-ல் மொழி மையமும் திறந்தது. அது முன்பு சூதாட்ட விடுதி இருந்த கட்டடம். சக்கரமும் இயந்திரமும் சுழன்ற கூடத்தில் இப்போது பிள்ளைகள் செரோக்கியில் கணக்குப் போடுகிறார்கள். பெரியவர்களுக்கும் வழி உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் முழுநேரமும் மொழி கற்கலாம், அதுவே வேலை. 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசி வந்தபோது, மொழி பேசும் முதியவர்களை முதல் வரிசையில் நிறுத்தினார்கள். ஒருவர் போனால் அவரோடு எத்தனை சொல் போகும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

நாடாளுமன்றத்தில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறார்களாமே?

புதிதாகக் கேட்கவில்லை, கையெழுத்தானதைக் கேட்கிறார்கள். மக்களை வெளியேற்றப் பயன்பட்ட அதே 1835 ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கிக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்று இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் போட்டது அதிகாரம் இல்லாத ஒரு சிறு குழு. செரோக்கி அரசே அதை எதிர்த்தது. ஆனால் அதற்கு உண்டான விலையை முழு சமூகமும் கொடுத்துவிட்டது, பதிலுக்குச் சொன்னது மட்டும் வரவில்லை. 2019-ல் தலைவர் பொறுப்பேற்ற சக் ஹாஸ்கின் ஜூனியர், கிம் டீஹீயை அந்த இடத்துக்கு முன்மொழிந்தார். 2022 நவம்பரில் சபைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. அதோடு நின்றிருக்கிறது.

கசப்பான விஷயங்களைப் பேசுவார்களா, இல்லை எல்லாம் நல்ல செய்தியா?

மேடையில் நல்ல செய்திக்குத்தான் இடம் அதிகம், எந்த அரசிலும் அப்படித்தான். ஆனால் செரோக்கி சமூகம் தன் மேல் உள்ள கறையையும் பேச வேண்டிவந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு வசதியான செரோக்கி குடும்பங்கள் சில கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தன. கண்ணீர்ப் பாதையில் அந்த அடிமைகளும் நடந்தார்கள். 1866 ஒப்பந்தம் அவர்களுக்கும் சந்ததிக்கும் முழுக் குடியுரிமை தந்தது. 2007-ல் ஒரு வாக்கெடுப்பு அதைப் பறித்தது. 2017-ல் அமெரிக்க நீதிமன்றம் உரிமையை உறுதி செய்தது. 2021-ல் செரோக்கி உச்ச நீதிமன்றமே, அவர்களை ஒதுக்கி வைக்கப் பயன்பட்ட "ரத்தவழி" என்ற சொல்லைத் தன் சட்டங்களிலிருந்து நீக்கச் சொன்னது. சொந்த நீதிமன்றமே அதைச் சொன்னது நல்லது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து திணித்தது என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

மக்கள் திருப்பிக் கேள்வி கேட்கலாமா?

அந்த மேடையில் முடியாது, அது ஒருவழிப் பேச்சு. கேட்கும் இடங்கள் வேறு. பேரவை மாதாமாதம் கூடும், குடிமக்கள் பார்க்கலாம். தகவல் கேட்டுப் பெறும் சட்டம் இருக்கிறது. பத்திரிகைக்குச் சுதந்திரம் தரும் சட்டம் 2000-ல் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் தலைவருக்கும் நீதிமன்றத்துக்கும் மூண்ட பெரும் மோதலில் சூடுபட்ட பிறகுதான் அந்தச் சட்டம் தேவை என்று புரிந்தது. ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

வெளியூரில் இருக்கும் செரோக்கிகள்?

குடிமக்களில் பாதிக்கு மேல் ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே வாழ்கிறார்கள். கலிபோர்னியா, டெக்சாஸ் என்று பரந்திருக்கிறார்கள். பேரவையில் இரண்டு இடம் அவர்களுக்கு. தலைவரும் அதிகாரிகளும் அந்த ஊர்களுக்கே போய்க் கூட்டம் நடத்துவது உண்டு. உரை இணையத்தில் நேரலையாகவும் வருகிறது. 2020-ல் கொரோனாவால் விழாவே இணையத்துக்கு மாறியது.

மூன்று செரோக்கி அரசுகள் என்றீர்களே?

ஆமாம். டாலக்வாவிலேயே தலைமையகம் கொண்ட யுனைடெட் கிட்டூவா பேண்ட் இரண்டாவது. அவர்களுக்கு அக்டோபரில் தனி விழா உண்டு. மூன்றாவது, வட கரோலினா மலைகளில் இருக்கும் கிழக்கு செரோக்கி. வெளியேற்றத்தின்போது எப்படியோ அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள்.

கிழக்கும் மேற்கும் 1984 ஏப்ரலில் டென்னசியில் ரெட் கிளே என்ற இடத்தில் ஒன்றாகக் கூடின. ஜார்ஜியா மாநிலம் செரோக்கி கூட்டங்களையே தடை செய்தபோது, எல்லை தாண்டிப் போய் அவர்கள் பேரவை நடத்திய இடம் அது. வெளியேற்றத்துக்கு முன் கடைசியாகக் கூடியதும் அங்கேதான். அதே நீரூற்றுப் பக்கத்தில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இரண்டு பக்கத்து பேரவைகளும் உட்கார்ந்தன.

செரோக்கி அல்லாதவர்கள் விழாவுக்குப் போகலாமா?

தாராளமாக. உரையைக் கேட்கக் கட்டணம் இல்லை, யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. காலையிலேயே போய் ஊர்வலம் பார்க்க ஓரம் பிடித்துவிட வேண்டும், வெயில் கடுமையாக இருக்கும், குடையும் தண்ணீரும் அவசியம். ரிப்பன் தைத்த சட்டை போட்ட ஆண்கள், துணியைக் கிழித்துத் தைக்கும் மரபான கவுன் போட்ட பெண்கள் நிறையக் கண்ணில் படுவார்கள். தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு செக்வோயாவின் எழுத்தும் இருக்கும்.

உரை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சோளத்தட்டையை அடுக்கி வைத்து தூரத்திலிருந்து அம்பு விடும் போட்டி நடக்கும். எத்தனை தட்டையை அம்பு துளைத்தது என்பதுதான் கணக்கு. கோலி விளையாட்டும் பார்க்க வேண்டியது. குண்டு பில்லியர்ட்ஸ் பந்து அளவுக்கு இருக்கும், மண்ணில் ஐந்து குழி. எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளிக்கொண்டே குழிகளை வரிசையாகத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். பக்கத்தில் நின்றால் யாராவது விதியைச் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு "வாடோ" என்று சொல்லுங்கள், நன்றி என்று பொருள்.